சாகாத முதல், ஊருக்குள் சுற்றும் பலன்: வட்டார அறக்கட்டளை எப்படி வேலை செய்கிறது?

சேலம் சுற்றுவட்டாரத்தில் சிறுதொழில் செய்பவர்களிடமும் சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளை நடத்துபவர்களிடமும் ‘கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்வார்கள். சாதிச் சங்கத்து டிரஸ்டா? வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஃபைனான்ஸா? ஆலைகள் சமூகப் பொறுப்புக்கென்று செலவழிக்கும் சிஎஸ்ஆர் பணமா? அரசு மானியமா? இந்த நான்கில் எதுவும் இல்லை. ஆனால் நான்கோடும் அதற்கு உரசல் உண்டு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## பெயரிலேயே ஒரு சிக்கல்

‘சமூக அறக்கட்டளை’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் வம்பு வரும். நம் ஊரில் ‘எங்க சமூகம்’ என்றால் பெரும்பாலும் சாதி என்றே பொருள். இந்த அமைப்போ ஒரு நிலப்பரப்பில் வாழும் எல்லோருக்கும் உரியது. சேர்வராயன் மலையும் அடிவாரமும், அல்லது ஆத்தூர், கெங்கவல்லி, தம்மம்பட்டிப் பக்கம் முழுவதும் என்று எல்லை வகுத்துக்கொண்டு, அதற்குள் இருப்பவர்களுக்காக இயங்குவது. சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மதத்தினர் அல்லது சாதியினரின் நன்மைக்கென்றே தொடங்கப்படும் அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு மட்டும் இந்தத் தடை பொருந்தாது. ஏற்காட்டு மலையாளிப் பழங்குடி மக்களுக்கென ஒரு அமைப்பு தொடங்கினால் தடையில்லை. இந்தப் பட்டியலில் வராத ஒரு சாதிக்கென்றே தொடங்கினால் விலக்கு போய்விடும்.

அதனால் இந்தக் கட்டுரையில் ‘வட்டார அறக்கட்டளை’ என்றே சொல்கிறேன். கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் இது வேறுபட்டது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற சேலத்துக் கூட்டுறவுச் சங்கம், ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுடையது. அதன் லாபமும் நட்டமும் உறுப்பினர்களைச் சேரும். வட்டார அறக்கட்டளைக்கு உறுப்பினர் பங்கு என்று எதுவும் இல்லை. பணம் போட்டவர்கூடத் திரும்பக் கேட்க முடியாது.

## ஆடும் நெய்யும்

இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ளச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்றே போதும். கோவிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டும் என்றால், 96 ஆடுகளை எழுதிவைப்பார்கள். சில கல்வெட்டுகளில் 90 என்று இருக்கும். மந்தையை வைத்திருக்கும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஒவ்வோர் ஆடும் மூப்படையும், சாகும். ஆனால் குட்டிகள் அதன் இடத்தை நிரப்புவதால் மந்தைக்கு மூப்புமில்லை, சாவுமில்லை. கொடையாளி இறந்தபின் பல தலைமுறைக்கும் விளக்கு எரியும்.

வட்டார அறக்கட்டளையும் இதே ஏற்பாடுதான். ஆட்டுக்குப் பதில் பணம். அந்தப் பணத்தை ‘நிலைமுதல்’ என்போம். ஆடிட்டர்கள் ‘கார்ப்பஸ்’ என்பார்கள். நிலைமுதலைத் தொடாமல், அதன் வருமானத்தை மட்டும் ஆண்டுதோறும் ஊர் வேலைகளுக்குக் கொடுப்பது விதி. இதோடு குறிப்பிட்ட வேலைக்கென்று வரும் நன்கொடைகளும் சேரும். அவற்றை அப்படியே செலவழித்துவிடலாம்.

## 1914-இல் ஒரு வங்கிக்காரர் கண்ட குறை

இன்றைய வடிவத்தில் இது முதலில் தோன்றியது அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், 1914-இல். தொடங்கியவர் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர். இறந்தவர்கள் எழுதிவைத்த அறநிதிகள், நோக்கம் காலாவதியாகி முடங்கிக் கிடந்ததைக் கண்டு அவர் தீர்வு தேடினார். அந்த நாட்டில் செயின்ட் லூயிஸ் நகரில் மேயராக இருந்த ஒருவர், மேற்கே குடியேறப் போகும் வழியில் தங்கள் ஊருக்கு வந்துசேரும் ஏழைப் பயணிகளுக்கு உதவும்படி பெரும் சொத்தை எழுதிவைத்திருந்தார். பிறகு ரயில் வந்தது, குடியேற்றம் ஓய்ந்தது, பணம் மட்டும் மிஞ்சியது.

நமக்கும் இது புதிதல்ல. நடைப்பயணிகளுக்காக எழுதிவைத்த சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல் கட்டளைகளும், பேருந்தும் ரயிலும் வந்தபின் என்ன ஆயின என்று யோசித்தால் தெரியும். பொது அறக்கட்டளையின் நோக்கத்தை மாற்ற இங்கே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

காஃப் செய்தது இதுதான். பலருடைய நிதிகளை ஒரே குடையின்கீழ் சேர்த்தார். வங்கி அந்த நிதியைப் பார்த்துக்கொள்ளும். பலனை எங்கே கொடுப்பது என்பதை ஊர்மக்கள் குழு ஒன்று தீர்மானிக்கும். எழுதிவைத்த நோக்கம் பயனற்றுப் போனால் அந்தக் குழுவே வேறு நோக்கத்துக்குத் திருப்பிவிடலாம். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் குழுவின் அதிகாரம்தான். பணத்தைச் சேர்க்க நம் ஊரில் எத்தனையோ பேர் உண்டு; சேர்ந்த பணத்தைக் காலத்துக்கேற்பத் திருப்பிவிடும் ஏற்பாடுதான் அரிது.

கிராமப்புறத் தொழிலுக்கு இந்த முறையைக் கொண்டுபோன நல்ல எடுத்துக்காட்டும் அங்கேதான். 1980-களில் அமெரிக்க வேளாண்மை கடனில் மூழ்கித் தத்தளித்தபோது, மின்னசோட்டா மாநிலத்தின் மெக்நைட் ஃபவுண்டேஷன் 1986-இல் ஆறு வட்டாரங்களுக்கு ஆறு தனி அமைப்புகளைத் தொடங்க வழிசெய்தது. அவை தொண்டு நிறுவனங்களுக்கு நல்கை கொடுப்பதோடு, சிறு தொழில்களுக்கு வங்கியோடு சேர்ந்து கடனும் கொடுக்கின்றன. வங்கி ஒரு பகுதியைக் கொடுத்து ‘இதற்கு மேல் முடியாது’ என்று நிறுத்தும் இடத்தில், மிச்சத்தை இவை நிரப்பும்.

அதை அப்படியே ஏற்காட்டுக்குக் கொண்டுவர முடியுமா? முழுதாக முடியாது. காரணம் நம் சட்டங்கள்.

## எது முடியும், எது முடியாது

தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்பை மூன்று வகையில் பதிவு செய்யலாம்: சார்பதிவாளரிடம் பத்திரம் பதிந்து பொது அறக்கட்டளையாக, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாக, 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாபநோக்கமற்ற கம்பெனியாக. எதுவானாலும் கீழே உள்ளவை பொருந்தும். 12ஏபி (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்குத் தரும் பதிவு), 80ஜி (நன்கொடை கொடுத்தவருக்கு வரிக் கழிவு தருவது) போன்றவை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பழகிய எண்கள். 2025-இல் நிறைவேறிய புதிய சட்டத்தில் எண்கள் மாறியிருக்கின்றன. பேச்சில் பழையவையே புழங்குவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

1. தனியார் தொழிலுக்குச் சும்மா பணம் தர முடியாது. ஏழைகளுக்கு உதவுவது, கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல், பொதுப் பயன் ஆகியவை அறப்பணி. வசதியாக ஓடும் கொலுசுப் பட்டறைக்கு எந்திரம் வாங்கித் தருவது இதில் வராது. கணவனை இழந்து, கூலிக்கு மணி கோக்கும் பெண்ணுக்குப் பற்றவைக்கும் கருவி வாங்கித் தருவது வரும். யாருக்கு, ஏன் என்பதை எழுத்தில் காட்ட முடிய வேண்டும். தொடங்கியவர், நிர்வாகிகள், அவர்களுடைய உறவினர் பலனடைந்தால் விலக்குக்கே ஆபத்து. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவாக இருக்கும் சின்ன ஊரில், இந்த விதி நினைப்பதைவிடக் கடினமானது.

2. நிலைமுதலை உள்ளூர்த் தொழிலில் முதலீடு செய்ய முடியாது. வங்கி, அஞ்சலகம், அரசுக் கடன் பத்திரம் என்று சட்டம் அனுமதித்த இடங்களில்தான் வைக்க வேண்டும். வங்கித் தொழில் செய்யும் கூட்டுறவுச் சங்கமும் பட்டியலில் உண்டு. எனவே மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியில் போட்டால், பணம் ஓரளவு இதே மண்ணில் சுற்றும்.

3. ஆலைகளின் சிஎஸ்ஆர் பணத்தை நிலைமுதலாக வாங்க முடியாது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். பொட்டனேரி, மேட்டூர், இரும்பாலைப் பக்கம் பெரிய ஆலைகள் இருப்பதால் இது நமக்கு முக்கியம். ஆனால் 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பின் நிலைமுதலுக்குக் கொடுப்பது சிஎஸ்ஆர் கணக்கில் ஏறாது. திட்டத்துக்குத்தான் தரலாம். வாங்கும் அமைப்புக்கு அதே வகை வேலையில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும்.

4. வெளிநாட்டு நன்கொடையைப் பிரித்துக் கொடுக்க முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றக் கூடாது. பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் அமைப்புக்கு இது பெரிய அடி. சிங்கப்பூர் குடிமகனாகிவிட்ட ஓமலூர்க்காரர் அனுப்பும் பணமும் இந்த விதிக்குள் வரும். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தில் அனுப்புவது வராது.

வட்டிக்குக் கடன் கொடுப்பதைத் தொழிலாகவே செய்வதும் தனிச் சட்டங்களுக்குள் கொண்டுபோய் விடும். எனவே மின்னசோட்டா முறையின் கடன் பாதியை இங்கே வங்கியிடமே விட்டுவிட வேண்டும். அறக்கட்டளை வங்கிக்குப் பக்கத்தில் நிற்கலாம், வங்கியாகக் கூடாது.

## காப்பிக் களத்தில் நின்று பார்த்தால்

இவ்வளவு தடைகளுக்கு நடுவே சிறுதொழிலுக்கு என்னதான் செய்ய முடியும்? ஏற்காட்டுக் காப்பியை எடுத்துக்கொள்வோம்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. பெரிய எஸ்டேட்டுகளுக்கு எந்திரமும் களமும் உண்டு. மலைக்கிராமத்தில் ஒன்றிரண்டு ஏக்கரில் மிளகுக் கொடியும் பலாவும் காப்பியும் கலந்து வைத்திருக்கும் குடும்பத்தின் நிலைமை வேறு. பழம் சிவக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் விட்டுத் தோல் உரிக்க வேண்டும். வழவழப்புப் போகும்வரை ஊறவைத்து, கழுவி, வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரம் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு இறங்கினால்தான் கொட்டை கெடாது. பனி விலகாத காலையில் வாசலில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, பத்து மணிக்கு வெயில் வந்ததும் கையால் கிளறிவிட்டு, இரண்டு மணிக்குத் தூறல் விழுந்ததும் ஓடிவந்து நான்கு முனையையும் மடித்துப் போர்த்துவார்கள். போர்த்திய தார்ப்பாய்க்குள் புழுக்கம். இரண்டு நாள் இப்படியே போனால் புளித்த வாடை வரும், பூசணமும் தட்டும். அந்தப் பயத்திலேயே பலர் பறித்த பழத்தை அப்படியே எடைபோட்டு, வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

தேவைப்படுவது பெரிய தொழிற்சாலை அல்ல. பத்துப் பதினைந்து குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு பல்ப்பர், தரையிலிருந்து உயர்த்திய வலைப்பந்தல், மேலே பாலித்தீன் கூரை, ஓர் ஈரமானி. இதற்குத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுத் தொழில் திட்டம், திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம் என்றது, உச்சம் 10 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டின் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில், வங்கிக் கடனோடு 30 சதவீத இணை மானியம் என்று ஒரு முறை வந்தது. சிக்கல் மானியத்தின் அளவில் இல்லை. அது வந்துசேரும் வரை உள்ள இடைவெளியில் இருக்கிறது. 5 லட்சத்துத் திட்டத்துக்குப் பயனாளி தன் கையிலிருந்து 10 சதவீதம், அதாவது 50,000 ரூபாய் போட வேண்டும். திட்ட அறிக்கை எழுத ஆள் வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். விண்ணப்பம் வங்கி மேஜையில் ஒரு பருவம் கிடந்தால், ஒரு வருட அறுவடை போச்சு.

வட்டார அறக்கட்டளை நுழைய வேண்டிய இடம் இந்த இடைவெளிதான். எந்திரங்களைப் பொதுச் சொத்தாகத் தன் பெயரிலோ உற்பத்தியாளர் குழுவின் பெயரிலோ வாங்கி வைக்கலாம். ஏழைக் குடும்பங்களின் கைப்பணப் பங்கைச் சுழல்நிதியிலிருந்து கொடுத்து, அறுவடை முடிந்ததும் வட்டியில்லாமல் திரும்ப வாங்கலாம். பட்டா மாற்றத்துக்கும் திட்ட அறிக்கைக்கும் ஆள் வைக்கலாம். ஒரு தனியார் முதலாளியை வளர்க்கிறது என்ற கேள்வி இவற்றில் எழாது. தார்ப்பாய் மடிக்கும் அந்தக் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கந்துவட்டிக்கு வாங்காமல் கிடைப்பது, 5 லட்சத்துத் திட்டத்துக்கான மானிய அறிவிப்பைவிடப் பெரிய உதவி என்பது என் திடமான எண்ணம்.

கொலுசில் கணக்கு வேறு. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் பக்கம் வீட்டுப் பட்டறைகளில் பெரும்பாலும் வெள்ளி வியாபாரியுடையது, வேலை செய்பவருக்குக் கூலி. வெள்ளி விலை ஏறினால் அந்த லாபம் கூலிக்காரருக்கு வராது. இங்கே தொழில் முதலைவிட, பற்றவைக்கும் புகைக்கு வெளிக்காற்று வழி, கண் பரிசோதனை, பிள்ளைகளின் படிப்பு போன்றவைதான் அறக்கட்டளைக்கு உரிய வேலை.

## தொண்டு நிறுவனங்களுக்கு யாரும் தராத பணம்

நன்கொடையாளர்கள் புத்தகப்பைக்குப் பணம் தருவார்கள், சோலார் விளக்குக்குத் தருவார்கள். கணக்கர் சம்பளத்துக்குத் தர மாட்டார்கள். மலையில் நான்கு ஆசிரியர்களை வைத்து மாலைநேர வகுப்பு நடத்தும் சின்ன டிரஸ்ட்டுக்கு, ஆண்டுதோறும் தணிக்கை உண்டு, வருமான வரிக் கணக்கு உண்டு, 80ஜி ரசீது கொடுத்தவர்களின் பட்டியலை மே 31-க்குள் 10பிடி படிவத்தில் ஏற்ற வேண்டிய கடமை உண்டு. தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 12ஏபி, 80ஜி பதிவைக் காலம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். வகுப்பு எடுப்பவரே இரவில் உட்கார்ந்து இதையெல்லாம் செய்யப் பார்த்து, ஏதாவது ஒரு தேதி தவறிப்போகும். நல்ல வேலை செய்யும் அமைப்புகள் காகிதத்தால் மூடப்படுவது மனத்தைக் கனக்கச் செய்யும் விஷயம்.

வட்டார அறக்கட்டளை இதில் மூன்று வகையில் உதவலாம். பத்து அமைப்புகளுக்குப் பொதுவாக ஒரு கணக்கர், ஓர் ஆடிட்டர். இன்னும் பதிவு பெறாத இளைஞர் குழுவின் வேலையைத் தன் திட்டமாகவே ஏற்று, தனிக் கணக்கேட்டில் நடத்துவது. அப்புறம், ‘இதற்குத்தான்’ என்று கட்டிப்போடாத ஒரு சிறு தொகையை மூன்றாண்டு தொடர்ந்து கொடுப்பது. வாடகைக்கும் சம்பளத்துக்கும் போகும் அந்தப் பணம்தான் அமைப்பை நிற்க வைக்கும்.

## ஒரு கோடி ரூபாய் எவ்வளவு தூரம் வரும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலைமுதல் 1 கோடி, வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வருமானம் 7 லட்சம். சட்டப்படி வருமானத்தில் 85 சதவீதம், அதாவது 5,95,000 ரூபாயை, அந்த ஆண்டே அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 1,05,000 ரூபாயைச் சேர்த்து வைக்கலாம்.

விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 1 கோடியின் மதிப்பு தேயாமல் இருக்க ஆண்டுக்கு 5 லட்சம் கூட்ட வேண்டும். கையில் மிஞ்சுவது 1,05,000. இடைவெளி கிட்டத்தட்ட 4 லட்சம். வருமானம் முழுவதையும் வேறு பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்கே கொடுத்தால் நிலைமை இன்னும் இறுக்கம். 2023-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, அப்படிக் கொடுப்பதில் 85 சதவீதம்தான் செலவாகக் கணக்கிடப்படும். 5,95,000 கணக்கில் ஏற, 7 லட்சத்தையும் கொடுத்தாக வேண்டும். சேமிப்பு பூஜ்யம். பின்னால் வரும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று எழுதிக் கொடுத்து, ஐந்தாண்டு வரை சேர்த்து வைக்கவும் வழி உண்டு. ஆனால் அதுவும் கடைசியில் செலவாக வேண்டிய பணமே.

சோழர் கால இடையர் குட்டிகளை மந்தையில் சேர்த்துக்கொண்டு நெய்யை மட்டும் அளந்தார். இன்றைய சட்டத்தில் குட்டிகளில் பெரும்பங்கும் வெளியே போகிறது. எனவே இங்கே ஒரு வட்டார அறக்கட்டளை நிலைக்க வேண்டுமானால், ஒருமுறை பெரும்பணம் போட்டுவிட்டு இருந்துவிட முடியாது. ஆண்டுதோறும் புதிதாக நிலைமுதல் நன்கொடை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

## உங்களிடம் நன்கொடை கேட்டு வந்தால்

1. பலன் தருவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள். போட்ட பணத்துக்கு வட்டி, இரட்டிப்பு, மாதாமாதம் தொகை என்று பேச்சு வந்தால் அது அறக்கட்டளையே இல்லை. பொதுமக்களிடம் முறைப்படுத்தப்படாத டெபாசிட் வாங்குவதை 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. ‘ஃபவுண்டேஷன்’, ‘டிரஸ்ட்’ என்ற பலகை பார்த்து ஏமாற வேண்டாம்.

2. எல்லைக்கோடு எது என்று கேளுங்கள். தமிழ்நாடு முழுவதும் என்றால் அது வட்டார அறக்கட்டளை இல்லை. அதற்காக மாவட்ட எல்லையோடு நின்றாக வேண்டும் என்பதும் இல்லை. சேலத்திலிருந்து தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் பிரிந்தன. மரவள்ளியும் ஜவ்வரிசியும் அந்தக் கோட்டைப் பார்த்துப் பிரியவில்லை.

3. முடிவெடுக்கும் குழுவில் யார் யார்? கொடையாளிகள் மட்டும் உட்கார்ந்திருந்தால் போதாது. மகளிர் குழுக் கூட்டமைப்பிலிருந்து ஒருவர், மலைக்கிராமத்திலிருந்து ஒருவர், சிறுதொழில் செய்பவர் ஒருவர் இருக்கிறார்களா என்று பாருங்கள். தன் உறவினர் விண்ணப்பம் வரும்போது உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும் என்ற விதி எழுத்தில் உண்டா என்றும் கேளுங்கள்.

4. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது? உங்கள் பணம் நிலைமுதலில் சேர வேண்டுமானால் ‘நிலைமுதல் நிதிக்காக’ என்று நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது அந்த ஆண்டு வருமானமாகி, செலவாகிவிடும். 80ஜி கழிவு பெரும்பாலும் கொடுத்த தொகையில் பாதிக்குத்தான், அதற்கும் வருமானத்தையொட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து, மறுஆண்டு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள்.